சட்டைக் கேமராவுக்குக் கீழே

பிறர் பேச்சைக் கேட்டு எழுதிப் பிழைப்பவர்களுக்கு வேலை முடிந்த பின்னும் காது மூடுவதில்லை. தட்டச்சராகவோ சுருக்கெழுத்தராகவோ இருந்தவர்களுக்கு இது புரியும். நீதிமன்றத் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற நான், இப்போது தென்காசியில் ஒரு வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறேன். போலீஸ்காரர்கள் சட்டையில் மாட்டியிருக்கும் கேமராப் பதிவைக் கேட்டு, வார்த்தைக்கு வார்த்தை எழுதித் தர வேண்டும். காதில் விழாத இடத்தில் 'தெளிவில்லை' என்று அடைப்புக்குறிக்குள் போடுவோம். இங்கே சொல்வதெல்லாம் ஒரே பதிவைப் பற்றியது. பெயரையும் இன்னும் சிலதையும் மாற்றியிருக்கிறேன்.

அருவிச் சத்தம்

குற்றாலத்தில் சீசன். தண்ணீர் திடீரென்று கூடியதால் குளிப்பவர்களையும் கடைக்காரர்களையும் போலீஸ் மேலே ஏற்றுகிறது. எண்ணெய் தேய்த்துவிடும் சுப்பையா, ஆளை உட்காரவைக்கும் தன் பலகையை எடுக்கத் தாமதிக்கிறார். தள்ளுமுள்ளில் ஓர் இளம் காவலர் கீழே விழுகிறார். சுப்பையா காலைப் பிடித்து இழுத்துத் தள்ளினார் என்று வழக்கு. சுப்பையாவுக்காக வாதாடுவது எங்கள் வக்கீல். கேமரா இருப்பதோ காவலரின் நெஞ்சில். காலடியில் நடந்தது அதில் தெரியவில்லை. சத்தம் மட்டும்தான் சாட்சி.

முதல் பக்கத்திலேயே, "அருவி ஓயாமல் புலம்புகிறது" என்று எழுதிவிட்டேன். கல்லூரியில் படித்த கவிதை இன்னும் என்னை விட்டபாடில்லை. வக்கீல் அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

"ஆச்சி, அருவி மேல கேஸ் இல்ல. சுப்பையா என்ன சொன்னாருன்னு மட்டும் எழுதுங்க."

ஓரத்தில் நின்றவள்

அன்று குளிக்க வந்திருந்த ஒரு பெண், சாட்சி சொல்லச் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து வந்தாள். பதிவைப் போட்டுக் காட்டினோம். படத்தின் ஓரத்தில், ஈரச் சேலையோடு, அவளே நிற்கிறாள். சட்டென்று திரைமேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

முந்தின நாள்தான் யூடியூப் சேனல் நடத்தும் ஒருவர் இதன் பிரதி கேட்டு வந்திருந்தார். ஊரே பார்த்தால்தான் போலீஸ் பயப்படும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. யாரும் பார்க்காமல் அமுங்கிப்போன வழக்குகளை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். அதை அவளிடம் சொன்னேன். கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டாள்.

"போலீச நல்லா பாக்கட்டும். நான் குளிக்கத்தான வந்தேன், என்ன எதுக்குப் பாக்கணும்?"

ஒரு வரி

ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டபின் மூன்று சத்தங்கள் பிரிந்து வந்தன. முதலில் சுப்பையா: "காலப் பிடிச்சுக் கேக்கேன் சார், பலகைய ஒடச்சிராதீங்க." அடுத்து, பாட்டில் உடைகிற சத்தம். உடனே மறுபடியும் சுப்பையா: "பாத்து சார், எண்ணெ கொட்டிக் கெடக்கு." அதற்குப் பிறகுதான் காவலர் விழுகிறார். காலைப் பிடித்தது கெஞ்சுவதற்கு, விழவைத்தது எண்ணெய்.

சந்தோஷமாகச் சுப்பையாவை வரச்சொல்லி வாசித்துக் காட்டினேன். அவர் தலை நிமிரவில்லை. முதல் வரிக்கு மட்டும் 'தெளிவில்லை' என்று போடச் சொன்னார். அவர் மகன் போலீஸ் பயிற்சியில் இருக்கிறான். இவர் கெஞ்சி விழுந்ததோ அவன் வயதுக் காவலர் காலில். அந்த வரி இல்லாவிட்டால் இழுக்கத்தான் பிடித்தீர்கள் என்பார்கள், சிறைவரை போகும் என்று எடுத்துச் சொன்னேன்.

"செயிலுக்குப் போனா நாலு மாசத்துல வீட்டுக்கு வந்துருவேன் ஆச்சி. இத எம்மவன் பாத்தாம்னா நான் எங்கன வருவேன்?"

மகன்

வரியை அப்படியே தட்டச்சு செய்தேன். அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னபோது, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். என்னால் முடிந்தது, வக்கீலை நச்சரித்து ஒரு மனுப் போடவைத்ததுதான்: பதிவை நீதிபதி தன் அறையில் பார்க்க வேண்டும், குளிக்கும் பெண்களின் உருவத்தை மங்கலாக்க வேண்டும், வெளியாருக்குப் பிரதி தரக் கூடாது. நீதிபதி ஒத்துக்கொண்டார். வழக்கு தள்ளுபடியானது.

அடுத்த வாரம், ஒட்ட வெட்டிய தலையோடு மகன் லீவில் வந்தான். பதிவைத்தான் கேட்கப் போகிறான் என்று மேசைமேல் இருந்த பென் டிரைவைக் கைக்குள் மூடிக்கொண்டேன். அவன் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"வேண்டாம் ஆச்சி. அன்னைக்கு அங்கன நின்னவங்க எல்லாரும் சொல்லிட்டாங்க. அப்பாட்ட மட்டும் சொல்லிராதீங்க. எனக்குத் தெரியாதுன்னே அவரு இருக்கட்டும்."

மறுநாள் சுப்பையா போன் செய்து, எம்மவன் வந்தானாமே, என்ன சொன்னான் என்று கேட்டபோது, முப்பது பக்கத்தில் ஓரிடத்திலும் பொய்யாகப் போடாத 'தெளிவில்லை'யை நான் முதன்முறையாக வாயால் சொன்னேன்.