நில்லக்காவின் வலது கை

அந்த நாற்சந்தியில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் காவலரை ஓட்டுநர்கள் எல்லோரும் ‘நில்லக்கா’ என்றுதான் சொல்வார்கள். “நில்லு!” என்று அவள் போடும் சத்தத்தில் லாரிகூடப் பம்மி நிற்கும். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒருநாள், வலது கையைத் தூக்கி வண்டிகளை மறித்து நிற்கும்போதே தோள்மூட்டு நழுவிவிட்டது. முன்பும் இரண்டொரு தரம் நழுவியிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் சமாளித்திருந்தாள். இந்த முறை கை தொய்ந்து கீழே வந்தது. கை இறங்கினால் கிளம்பலாம் என்பதுதானே ஓட்டுநர்களின் கணக்கு? கிளம்பிவிட்டார்கள். பால் வேனும் டாக்சியும் நடுச்சந்தியில் முட்டிக்கொண்டன. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. மானம்தான் போயிற்று.

இன்ஸ்பெக்டர் அவளை ஸ்டேஷனுக்குள் போன் எடுக்க உட்காரவைத்தார். “ஃபேனுக்குக் கீழ நிம்மதியா இரும்மா,” என்றார். நிம்மதியாம்! ஜன்னலுக்கு வெளியே அவளுடைய சந்தியில் வேறொருவர் கொசு விரட்டுவதுபோல் கையாட்டுவதைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் நிம்மதி.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்யும் பெண் அவளைத் திரும்பி நின்று கையை மெல்லத் தூக்கச் சொன்னாள். அதுவரை டாக்டர்கள் எல்லோரும் தோளைத்தான் பார்த்திருந்தார்கள். இவள் முதுகைப் பார்த்தாள்.

“கோளாறு மூட்டுல மட்டும் இல்லக்கா. கை உக்கார்ற குழி இந்தத் தோள்பட்டை எலும்புலதான் இருக்கு. கை மேல போனா இதுவும் கூடவே திரும்பணும். உங்களுக்கு இது பின்னால துருத்திக்கிட்டு சும்மா நிக்குது. கை தனியா போய் நழுவுது.”

“இதைக் கையோட சேர்ந்து திரும்ப வைக்க முடியுமா?”

“பழக்கணும்க்கா. பொறுமை வேணும்.”

“லாரிக்காரங்களையே பழக்கியிருக்கேன். இது என் எலும்புதானே?”

அன்றிலிருந்து வீட்டில் தினமும் சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கையை மடக்காமல் தள்ளினாள். “வாடகை வீடுடி. சுவத்தைத் தள்ளிப் பெருசாக்கிட்டா வீட்டுக்காரர் வாடகையை ஏத்திருவாரு,” என்றான் கணவன். சிரித்தாலும், எலும்பு துருத்துகிறதா என்று முதுகில் கைவைத்துப் பார்த்துச் சொல்வதும் அவன்தான்.

பிசியோ பெண் சரி என்ற பிறகும், அவளைச் சந்திக்கு அனுப்ப இன்ஸ்பெக்டர் மசியவில்லை.

“மறுபடி நழுவாதுன்னு உறுதி குடுப்பியா?”

“உங்க ஜீப்பு பிரேக்குக்கு நீங்க குடுப்பீங்களா சார்?”

வாய்க்கொழுப்புக்குப் பதிலாக ஒரு முறைப்பு கிடைத்தது. சந்தி கிடைக்கவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து, சந்தியில் பேருக்கு இருந்த சிக்னல் விளக்கும் அணைந்தது. டியூட்டிக்காரரோ டீ குடிக்கப் போயிருந்தார். பிள்ளைகள் சாலையோரம் திணறுவதை ஜன்னல் வழியே பார்த்தவள், அடித்துக்கொண்டிருந்த போனை அப்படியே விட்டுவிட்டு நடுச்சந்திக்குப் போய் நின்றாள். முதுகில் எலும்பு நகர்ந்து திரும்புவதை உணர்ந்தபடியே கையை உயர்த்தினாள்.

“நில்லு!”

வண்டிகள் நின்றன. பிள்ளைகள் கடக்கத் தொடங்கினார்கள். வரிசையின் முன்னால் நின்றது இன்ஸ்பெக்டரின் ஜீப். அவர் ஹாரனை அழுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினார்.

“உன்னை யாரு இங்க வரச் சொன்னது? முதல்ல கையை இறக்கு!”

“பிள்ளைங்க பாதி ரோட்டுல இருக்காங்க சார். இறக்கினா உங்க பின்னாடி நிக்கிறதெல்லாம் கிளம்பிடும்.”

“இது என் உத்தரவு!”

வேலையே போய்விடலாம் என்று அவளுக்குப் புரிந்தது. பயமாகத்தான் இருந்தது. தோளும் வலித்தது. கை இறங்கவில்லை.

“நில்லுன்னு சொன்னேன்,” என்றாள். இந்தத் தடவை ‘சார்’ போடவில்லை.

இன்ஸ்பெக்டர் எஞ்சினை அணைத்தார்.