படியில் விழுந்தாள் என்று சொன்னேன்

எண்பத்தேழில், நியூசிலாந்தின் மங்கரேயில் ஒரு கிளினிக்கில் தமிழ்ப் பெண்களுக்கு மொழிபெயர்த்து உதவினேன். ஒரு நாள் கை முறிந்து வந்த இளம்பெண்ணிடம், எப்படி நடந்தது என்று நர்ஸ் கேட்டார். கணவன் வெளியே உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, அவர்தான் முறிச்சவர். இனி அந்த வீட்டுக்குப் போகமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

அவன் எங்கள் ஊர்க்காரன். குடும்ப மானம் போய்விடுமே என்ற கேடுகெட்ட நினைப்பில், "படியில் விழுந்துவிட்டாளாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவ்வளவு ஆங்கிலம் அவளுக்குத் தெரிந்திருந்தது. "நோ! ஹஸ்பண்ட்!" என்று கத்தினாள். நர்ஸ் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, பெண்கள் காப்பகத்துக்குப் போன் செய்தார். பின்வாசலால் அவளைக் கூட்டிப்போனார்கள்.

பிறகு சனம் அவனைத் திட்டியபோது நானும் சேர்ந்து திட்டினேன். அவளை அவனிடமே திருப்பி அனுப்பப் பார்த்தவள் நான். அவன்மேல் வந்த ஆத்திரம் எப்போதோ தணிந்துவிட்டது. என்மேல் வந்தது இன்னும் அடங்கவில்லை.