வியாழக்கிழமை வண்டியை நிறுத்தியது ஆண்டவர் அல்ல

என் வலது கால் பெருவிரல் செத்துக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை. சாயம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். போன வருடம் ஐப்பசி மழையில், திருப்பூரில் நடந்தது இது. அந்தக் காலை ஆண்டவர் எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கூடவே எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அதை ஒளித்து வைத்தால் இது பாதிச் சாட்சியாகிவிடும்.

என் பெயர் சாமுவேல். தாராபுரம் பக்கம் பிறந்தவன். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. போர்வெல் லாரி, பரோட்டாக் கடை, கரும்பு வெட்டு என்று ஊர் ஊராகப் போனேன். எந்த ஊரும் எனக்கு ஒட்டவில்லை. கடைசியில் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ஈரத்துணி சுமக்கும் வேலை கிடைத்தது. மேம்பாலத்தின் அடியில் படுக்கை. கொசுவும் போலீசும் தவிரப் பெரிய தொந்தரவு இல்லை. என்னைப்போல் பலர் அங்கே படுத்திருந்தோம். இந்த ஊர்த் துணி உலகமெங்கும் போகிறது. அதைச் சுமக்கிறவன் எங்கே படுக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை.

எங்களுக்கென்று வந்தது ஒரே ஒரு வண்டி. வியாழக்கிழமை சாயங்காலம் வரும் மருத்துவ வண்டி. அரசாங்கப் பணத்தில் ஓடியது. ஒரு டாக்டர், கலாமணி என்ற நர்ஸ், டிரைவர் ரஹீம் பாய். எனக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்ததே அவர்கள்தான். மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் கலாமணி எங்களை வரிசையாகக் காலை நீட்டச் சொல்லுவார்.

“சர்க்கரைக்காரங்க எனக்கு மூஞ்சியக் காட்ட வேண்டாமுங்க. காலைக் காட்டுங்க போதும்” என்பார்.

என் பக்கத்தில் படுக்கும் செல்லம்மா அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு. பட்டறை வாசல்களில் பனியன் வேஸ்ட் துணி பொறுக்குகிறவர். அவரும் விசுவாசி. கண்ணை மூடினால் பாலத்தடியில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிப்பார். அந்த வண்டி கொடுத்த மாத்திரையில்தான் அவர் நடமாடிக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை வண்டி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. யாரும் வந்து காரணம் சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் நாங்கள் சாயங்காலமானால் ரோட்டோரம் வந்து உட்கார்ந்திருந்தோம். மாத்திரைகள் தீர்ந்தன. வெளியே வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். முடியாதவர்கள் விட்டுவிட்டோம்.

அப்புறம்தான் என் விரல் நிறம் மாறியது. சாயப்பட்டறைக்காரன் கால் எப்போதும் ஏதோ ஒரு நிறத்தில்தான் இருக்கும். அந்த மாதம் பட்டறையில் நேவி ப்ளூ ஓடியது. இரண்டு பாதமும் நீலம். பெருவிரல் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கறுத்திருந்தது. கூட வேலை பார்த்த பழனியண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏனுங்க மாப்ளே, ஒரே லாட்டுல ரெண்டு ஷேடா? துணி வாங்குற பையர் ரிஜெக்ட் பண்ணிப் போடுவானுங்க!”

நானும் சிரித்தேன். வலிக்கவே இல்லை. வலி இல்லாததால் நன்றாக இருப்பதாக நினைத்தேன். நாற்றம் வந்தது. பட்டறையில் நாறாதது எது? பிறகு கால் வீங்கியபோது ஒரு மருத்துவமனைக்குப் போனேன். வரிசையில் நின்று உள்ளே போனதும், சீட்டு எழுதுகிறவர் காலைப் பார்த்தார். “சாயப்பட்டறையா? இதோட வருவியா? போய் நல்லாக் கழுவிட்டு வாய்யா” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. காய்ச்சல் வந்தது.

காலை இழுத்துக்கொண்டு, அந்த வண்டியை நடத்திய அலுவலகத்துக்கே போனேன். வண்டி வந்தால் கலாமணி பார்ப்பார் என்பதுதான் எண்ணம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகவே பேசினார்.

“நிதி முடிஞ்சு போச்சுங்க. புதுசா ஒதுக்கோணும்.”

“யாருங்க ஒதுக்கோணும்?”

“மேல இருந்து வரோணுமுங்க.”

“மேலன்னா எங்கீங்க?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். “மேலதானுங்க” என்றார்.

வெளியே வந்தேன். அலுவலக வாசலில் ஏதோ விழாவுக்கு வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்க விளக்கு மாலை. அதற்கெல்லாம் மேலே இருந்து வந்துவிட்டது. எங்கள் மாத்திரைக்கு மட்டும் வரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. காய்ச்சலா கோபமா தெரியவில்லை.

நேராக எங்கள் ஜெபக்கூடத்துக்குப் போனேன். துணி பின்னும் நிட்டிங் கம்பெனிக்குப் பின்னால் தகரம் போட்ட கூடம் அது. பகல் நேரம், ஆள் இல்லை. பக்கத்து மிஷின் சத்தத்தில் நான் கத்தியது யாருக்கும் கேட்டிருக்காது. அழகான ஜெபம் ஒன்றும் செய்யவில்லை. “மேலே இருந்து வர வேண்டுமாம். மேலே நீர்தானே இருக்கிறீர்? அவர்கள் சொல்லுகிற ‘மேல்’ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த மேல் நீர் ஒருவர்தான். என் காலைப் பாரும்” என்று சண்டை போட்டேன். சத்தம் போட்டதில் களைத்து அழுதேன். பிறகு எழுந்து வெளியே வந்தேன்.

தெருமுனையில் தொழிலாளிகளை ஏற்றும் கம்பெனி வேன் ஒன்று நின்றது. “என்ன சாமுவேலண்ணா, நொண்டறீங்க?” என்று ஒரு குரல். ரஹீம் பாய்! மருத்துவ வண்டி நின்றதும் அவருக்கு வேலை போய்விட்டது. இப்போது அந்த வேனை ஓட்டுகிறார். அந்தத் தெருவுக்கு அவர் அதற்கு முன் வந்ததே இல்லை. வழக்கமான ரோட்டில் பள்ளம் தோண்டியிருந்ததால் சுற்றி வந்தாராம்.

காலைப் பார்த்ததும் அவர் சிரிக்கவில்லை. கலாமணிக்குப் போன் செய்தார். வண்டி நின்றபின் கலாமணி ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்ட உடனே வந்துவிட்டார். வேனின் படியில் உட்கார வைத்து, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து மற்ற விரல்களைத் துடைத்தார். பஞ்சு நீலமானது. புதுப் பஞ்சு எடுத்துப் பெருவிரலைத் துடைத்தார். அழுத்தித் தேய்த்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

“இது சாயமில்லீங்கண்ணா” என்றார். அவர் கை நின்றுவிட்டது. “பாய், வண்டிய எடுங்க.”

“கம்பெனி ஆளுக ஏறோணுமே” என்று நான்தான் சொன்னேன்.

“அவுங்களுக்கு ரெண்டு காலும் இருக்குதுங்க. நடப்பாங்க” என்றார் ரஹீம் பாய்.

அன்றைக்கே பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். கலாமணி கூடவே நின்று பேசியதால் யாரும் கழுவிவிட்டு வரச் சொல்லவில்லை. பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் கத்தியதை ஆண்டவர் கேட்டார். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவருக்கு ஸ்தோத்திரம்.

ஆனால் கேளுங்கள். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது செல்லம்மா அக்கா பாலத்தடியில் ஒரு பக்கம் கை கால் விழுந்து, இரண்டாம் நாள் இறந்துபோனார். மாத்திரை நின்றதால் கொதிப்பு ஏறிவிட்டது. பழனியண்ணன் வந்து சொன்னார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்கா என்னைவிட அதிகம் ஜெபித்தவர். என்னைப்போல் ஆண்டவரிடம் சண்டை போட்டதில்லை. அவர் ஜெபம் மட்டும் ஏன் கேட்கப்படவில்லை? கட்டிலில் கிடந்து யோசித்ததில் ஒன்று விளங்கியது. அவர் ஜெபத்துக்குப் பதில் வந்துகொண்டுதான் இருந்தது. வாராவாரம், நான்கு சக்கரத்தில், பாலத்தடிக்கே வந்தது. மனிதர்கள் அதை நிறுத்தினார்கள். ஆண்டவர் கொடுத்ததை ஒரு மேசை பிடித்து வைத்துக்கொண்டது. அதன் பிறகு எனக்காக அவர் ரோட்டில் பள்ளம் வெட்டி, வேனைத் திருப்பி விட வேண்டியிருந்தது. ஒரு மாத்திரைக்கு இத்தனை அற்புதம் எதற்கு?

வீடு திரும்ப எனக்கு வீடில்லை. ஜெபக்கூடத்துக்குத்தான் திரும்பினேன். போதகர் சாட்சி சொல்லச் சொன்னார். என் காலைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். அக்காவைப் பற்றிச் சொன்னபோது, “கர்த்தருடைய சித்தம்” என்று ஒருவர் சொன்னார்.

“அவர் சித்தமில்லை. நிதி ஒதுக்காதவன் சித்தம்” என்றேன்.

பின் வரிசையில் இருந்து டெய்லர் எஸ்தரக்கா எழுந்தார். “அப்ப நாமளே போய்க் கேக்கலாமுங்க. சும்மா உக்காந்து ஆமென் சொன்னா ஆச்சா?” என்றார்.

போனோம். தையல்காரர்கள், துணி செக்கிங் பார்க்கும் பெண்கள், ரஹீம் பாய், பழனியண்ணன், பாலத்தடி ஆட்கள். அதே மேசைக்காரர் எங்களைப் பார்த்துத் திகைத்தார். “இதுவரைக்கும் யாருமே வந்து கேக்கலீங்களே” என்றார். நான் தனியாக வந்து கேட்டது அவர் கணக்கில் வரவில்லை போலிருக்கிறது. வாராவாரம் போய் நின்றோம். தை பிறந்த பிறகு வண்டி மறுபடியும் வந்தது. கலாமணியும் திரும்பி வந்துவிட்டார்.

நான் இப்போது ஒரு கம்பெனியில் உட்கார்ந்து பனியனில் நூல் பிசிறு வெட்டுகிறேன். மூன்று பேரோடு ஓர் அறையில் இருக்கிறேன். எந்த ஊரிலும் நிற்காதவன் இங்கே நின்றுவிட்டேன். விரல் போனதால் அல்ல. வண்டிக்கு ஒதுக்கிய பணம் இந்த வருடக் கடைசி வரைக்கும்தான் என்கிறார்கள். மறுபடியும் கேட்க ஆள் வேண்டும்.

சகோதரரே, சகோதரியே, உங்கள் கஷ்டம் எதுவானாலும் அவரிடம் சொல்லுங்கள். கோபமாகச் சொன்னாலும் கேட்பார். நான் சொன்னதைக் கேட்டார். ஆனால் அரசாங்கம் செய்ய வேண்டியதையும் அவர் தலையில் கட்டிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். வருகிற திங்கட்கிழமை காலை நாங்கள் அந்த அலுவலகத்துக்குப் போகிறோம். முழங்காலிட்டு ஆமென் சொல்லுங்கள். சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வாருங்கள்.