கஞ்சிக் கடையைப் பற்றி நான் சொன்ன சொல்

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், நானும் என் மாமனாரும் மட்டும் இருந்தோம். என் கணவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிது. பால்மரம் வெட்டும் வேலை நின்றுபோய், எல்லோரும் மரவள்ளிக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தோம்.

டவுனில் ஓர் அக்கா சின்னதாகக் கஞ்சிக் கடை வைத்திருந்தார். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். கிழங்கு மாவும் கொஞ்சம் நொய்யும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி. நாங்கள் கிழங்கு கொண்டுபோய்க் கொடுத்தால் அதற்குப் பதிலாகவும் ஊற்றுவார். வேலை முடிந்து மாமா தினமும் அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

அந்தச் சமயத்தில் வாந்திபேதி பரவியது. லயத்திலேயே மூன்று பேர் போய்விட்டார்கள். டவுனில் சாப்பாட்டுக் கடைகள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அதற்கு முதல் நாள்தான் மாமா அந்த நோயில் படுத்தார். குழாயடியில் பெண்கள், "என்னா சாப்பிட்டாரு?" என்று கேட்டார்கள். மூன்று நாளாகத் தூக்கம் இல்லாத அசதியில், "வேற என்னா, அந்தக் கடைக் கஞ்சிதான்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் நான் யோசிக்கவே இல்லை.

மாமா பிழைத்துக்கொண்டார். கடைகளும் மறுபடி திறந்தன. பேச்சுக்கு நடுவில் ஒருநாள் அவரே சொன்னார்: "நான் படுத்த அன்னைக்கு அந்தக் கடையில கஞ்சி தீந்துபோச்சும்மா. பசி தாங்கல. வர்ற வழியில ஓடைத் தண்ணிய அள்ளிக் குடிச்சேன்."

குழாயடியில் நான் சொன்னது பொய் என்று அப்போதுதான் தெரிந்தது. மறுநாளே கிழங்கு எடுத்துக்கொண்டு டவுனுக்கு நடந்தேன். மற்றக் கடைகளில் ஆட்கள் இருந்தார்கள். அக்கா கடையில் பானை நிறையக் கஞ்சி, பெஞ்சுகள் காலி. பிள்ளைகள் இரண்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தன.

"நீ ஒருத்தியாவது வந்தியே" என்று ஊற்றிக் கொடுத்தார். "என் கஞ்சியக் குடிச்சு ஒரு பெரியவரு சாகக் கெடந்தாராம். எவ சொன்னாளோ தெரியல."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "நான்தான்க்கா சொன்னேன்" என்றேன்.

கையில் பிடித்த அகப்பையைப் பானைக்குள் போட்டார். என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். "மாமா இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டார். நடமாடுகிறார் என்றேன். "என்கிட்ட சொல்லி என்னா செய்யறது? சொன்ன எடத்துல போய்ச் சொல்லு லா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே குழாயடியில் உண்மையைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. "அவ ஒனக்குச் சும்மா கஞ்சி ஊத்திட்டாளாக்கும்" என்று ஒருத்தி சிரித்தாள். முதலில் சொன்ன பொய்யை ஒரே நாளில் நம்பியவர்கள்தான் இவர்கள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். மாமா விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் திட்டவில்லை. மறுநாள் தடியை ஊன்றிக்கொண்டு, "வா, போவோம்" என்றார். உடம்பில் சதையே இல்லை. வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் நடந்தார். கடைக்கு வெளியே ரோட்டைப் பார்த்த மாதிரி பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்து குடித்தார். தெரிந்தவர்கள் போனால், "சாகக் கெடந்தவன் நாந்தான். நானே குடிக்கிறேன், ஒங்களுக்கு என்னா?" என்று கத்துவார். கத்திவிட்டு மூச்சு வாங்குவார்.

அப்படி எத்தனையோ நாள் போனோம். முதலில் ஒரு மாட்டுவண்டிக்காரர் வந்து உட்கார்ந்தார். பிறகு கிழங்குக் காட்டு ஆட்கள் ஒருவர் இருவராக வந்தார்கள். எங்கள் லயத்துப் பெண்கள் சிலர் கடைசிவரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆனாலும் அடுப்பு அணையாமல் அக்கா காலத்தை ஓட்டிவிட்டார்.

என் கணவர் சயாமிலிருந்து திரும்பவில்லை. அந்தச் சேதி வந்த அன்று அக்கா கடையை மூடிவிட்டு லயத்துக்கு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதே இல்லை.

அசதியில் வாய் தவறி வந்த ஒரு வார்த்தைதான் அது. ஆனால் அதைச் சரிசெய்ய நோயில் விழுந்து எழுந்த ஒரு மனிதரை வெயிலில் நடக்கவைத்தேன் என்பதை நினைத்தால், இத்தனை வருடம் கழித்தும் எனக்கு மனசு ஆறவில்லை.