சங்கச் சுவரில் ஒரு மாத்திரை

கொரோனாக் காலத்தில், உலகெங்கும் நடந்த மருந்துப் பரிசோதனைகளை வாரந்தோறும் வாசித்து, எது பலன் தருகிறது என்று ஒரு தாளில் எழுதி ஆஸ்பத்திரிப் பலகையில் ஒட்டுவது என் வேலை. புதிய முடிவு வந்தால் பழைய தாளைக் கிழித்துவிடுவேன்.

ஒரு மாத்திரை உதவக்கூடும் என்று ஒட்டியிருந்தேன். கொக்கட்டிச்சோலை விவசாய சங்கச் செயலாளர் அதை நல்லெண்ணத்தில் சங்கச் சுவரில் பெயின்ற்றால் எழுதுவித்துவிட்டார். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் திகதிகளை எழுதும் சுவர் அது. அங்கே எழுதியதைப் போகம் முடியும்வரை யாரும் மாற்றுவதில்லை.

அடுத்த மாதமே பெரிய பரிசோதனைகளின் முடிவுகள் வந்தன. மாத்திரையால் பலனில்லை. அழிக்கச் சொல்லப் போனேன்.

"அப்ப முதல் சொன்னது பொய்யா, டொக்டர்?" என்று செயலாளர் கேட்டார்.

"பொய்யில்ல. அப்பத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

எரிச்சலோடுதான் சொன்னேன். ஒரு சின்னப் பரிசோதனையை நம்பி அவசரப்பட்டது நானல்லவா?

அவர் எழுத்தின் மேல் சுண்ணாம்பு பூசுவித்தார். காய்ந்ததும் என் கையில் ஒரு கரிக்கட்டியைத் தந்தார்.

"இனி பெயின்ற் வேணாம். நீங்களே வந்து எழுதுங்க, நீங்களே அழியுங்க."