இரண்டு பூட்டும் ஒரு கல்லும்

முதல் கல் கவுண்டர் கண்ணாடியில் விழுந்தபோது நான் சர்வர் அறையில் திரையைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

தீவுத் துறைமுகமான ஃபீனிக்ஸ் பேயில், கப்பல் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால்தான் எங்கள் அறை. கடல் மோசமாகி நின்றிருந்த கப்பல்கள் அன்றுதான் மறுபடி கிளம்பின. வேறொரு தீவிலுள்ள ரங்கத்துக்குப் போகிற கூட்டம் விடிந்ததிலிருந்து வரிசையில் நிற்க, சர்வர் உறைந்துவிட்டது. பிழைச் செய்தி இல்லை. வேலைப்பளுவும் இல்லை. டிக்கெட் எழுதும் நிரல்கள் எதற்கோ காத்துக்கிடந்தன, கட்டளையிட்டுக் கொன்றாலும் சாகவில்லை.

இது புதிதல்ல. மின்சாரம் போய்ப்போய் வருகிற ஊரில் எது நின்றாலும் மெயின் ஸ்விட்சை அணைத்துப் போடுவதுதான் வைத்தியம். ஓடத் தொடங்கிவிடும். ஏன் நின்றது என்பதற்கான தடயம் நினைவகத்தோடு அழிந்துபோகும். சில நாளில் மறுபடி நிற்கும், கவுண்டரில் டிக்கெட் கொடுக்கும் அண்ணன் மறுபடி ஏச்சு வாங்குவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த முறை விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். ஒரு நிரல் கோப்பைத் தொடும்போது மற்றவை தொடாமலிருக்கப் பூட்டு போடும்; எந்த நிரல் எந்தப் பூட்டுக்காக நிற்கிறது என்பதைத் திரையில் வரவைத்தேன். டிஸ்க்கே உறைந்திருந்ததால் சேமிக்க வழியில்லை. கைப்பேசியில் ஒவ்வொரு திரையாகப் பிடித்தேன்.

“ஜஹாஸ் போயிடப் போவுது, டிக்கெட் குடுறா!” என்று கப்பலைத் தவறவிடும் பயத்தில் வெளியே கத்தினார்கள். அடுத்த கல்லில் கண்ணாடி நொறுங்கியது. ஓட்டைக்குள் கைவிட்டு ஒருவன் அண்ணன் சட்டையைப் பிடித்து இழுக்க, உடைந்த விளிம்பில் அவர் புருவம் கிழிந்தது. பிய்த்துக்கொண்டு என் அறைக்குள் வந்து விழுந்தார். நான் மெயினை நோக்கி ஓடினேன். ரத்தக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“ஆஃப் பண்ணாத தங்கச்சி. நாளைக்கும் இதே அடிய நான் வாங்கணுமா? கெடச்சுதா, அதச் சொல்லு.”

“இன்னும் கொஞ்சம்தான்ண்ணே.”

“எடு.”

கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். வெளியே உதைத்தார்கள். ஒவ்வொரு உதைக்கும் அவர் தலை கதவில் மோதியது. மிச்சத் திரைகளை நான் படமெடுத்தேன். வெளியே போய் அத்தனை பேரையும் அடிக்க வேண்டும் போலிருந்தது. கடைசிப் படம் விழுந்ததும் அணைத்துப் போட்டேன். டிக்கெட் வரத் தொடங்கியது, கூட்டம் அடங்கியது.

மூலகாரணம் படங்களில் இருந்தது. கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து வந்தவர்கள் கோப்பு முறைமையின் மேல் ரகசியக் குறியாக்கத்துக்கென இன்னொரு அடுக்கு போட்டிருந்தார்கள். டிக்கெட் நிரல் மேலடுக்கின் பூட்டை எடுத்துக்கொண்டு கீழ்ப்பூட்டுக்குக் காத்திருந்தது. எங்கள் ஆட்கள் வேகத்துக்காக, பிரதியெடுக்கும் நிரலை நேராகக் கீழடுக்கில் விட்டிருந்தார்கள். அது கீழ்ப்பூட்டைப் பிடித்துக்கொண்டே, எடுத்ததை மேலே குறிக்க மேல்பூட்டைக் கேட்டது. இரண்டும் விடாது. அந்தப் பிரதி நிரலைக் கீழ்ப்பூட்டை விட்டுவிட்டு மேலே போ என்று மாற்றினேன். இந்தச் சின்ன மாற்றத்துக்குத்தான் ஒரு மனிதனின் புருவம் கிழிந்தது.

பிறகு சர்வர் உறையவில்லை. சட்டையைப் பிடித்தவன் இன்னும் அதே வரிசையில் வருகிறான். தழும்போடு அண்ணன் அவனிடம், “ஜன்னல் சீட் வேணுமா?” என்று கேட்கிறார். நானாக இருந்தால் ரங்கத்துக்கு நீந்திப் போடா என்றிருப்பேன்.