ஒரு மணி நேரம் ஓட வேண்டிய டிராக்டர்

சித்தப்பாவுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை ஒன்றுதான். பங்களா தோட்டத்துக் கொட்டகையில் பல வருடங்களாகக் கிடந்த சின்ன டிராக்டரைச் சரிசெய்து, தோட்டத்தைக் கவனிக்கும் ஆபிசரின் கண்முன்னால் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் அவர் இனிமேல் சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியதில்லை. தோட்டத்திலேயே நிரந்தர வேலை. காட்டாவிட்டால், டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த மூன்று மாத லைட் டியூட்டி முடிந்த மறுநாள் பழையபடி கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போக வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. தங்கச் சுரங்க ஊரில், சாம்பியன் ரீப்ஸ் பக்கம், தொழிலாளர்களுக்கான லைன் வீடொன்றில் இருந்தோம். அப்பா சுரங்கப் பட்டறையில் கடைசல் பிடிக்கும் டர்னர். அவர் வேலை மேலே, வெளிச்சத்தில். அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். அவர் வேலை கீழே, பாறை உடைக்கும் கேங்கில்.

ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சரிவதை எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மேலே வீடுகளில் அலமாரித் தட்டுகள் கிலுகிலுவென்று ஆடும், சுவரில் ஒரு கீறல் விழும், அவ்வளவுதான். கீழே அப்படியில்லை. அந்த வருடம் தை மாதத்தில் ஒரு ஏர் பிளாஸ்டில் சித்தப்பா ஒரு முழு ஷிஃப்டும் அடுத்த ஷிஃப்டில் பாதியும் கல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, உடம்பில் ஒரு காயமும் இல்லாமல் வெளியே வந்தார். பதினைந்து நாள் ஓய்வு கொடுத்தார்கள். அதன் பிறகு வேலைக்குப் போனவர், கேஜ் கேட் வரைக்கும் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் திரும்பி நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அப்பா அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

லைனில் இது தெரியாதவர்கள் இல்லை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவள் கணக்குப் பாடத்தின் நடுவே, "உங்க சித்தப்பா கேஜப் பாத்தா ஓடுறாராமே, அதுக்கு இன்னா பல்லு கீதா?" என்று கேட்டாள். நான் அவளோடு மாசக்கணக்கில் பேசவில்லை.

டிராக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு சக்கரமும் ஒரு இரும்பு சீட்டும் உண்டே தவிர, உயரம் என் தோள் அளவுதான். ஒற்றை சிலிண்டர். பெட்ரோலில் கிளப்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்ள வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் புல் வெட்டுவதற்காகக் கப்பலில் வந்ததாம். கம்பெனிப் பெயர் எழுதிய தகடு தேய்ந்து இரண்டு எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. சீட்டில் ஒரு வெள்ளாடு குடியிருந்தது. ஆடு தோட்டக்காரரான மாலியுடையது.

முதல் நாள் சித்தப்பா ஆட்டை இறக்கிவிட்டபோது மாலி சிரித்தார். "இன்னாத்துக்குப்பா அத எழுப்புற? பாவம், நிம்மதியா தூங்கினு கீது."

"எது, ஆடா டிராக்டரா?" என்றார் சித்தப்பா.

"ரெண்டும்தான்."

வேலை இருபத்தோரு நாள் நடந்தது. தினமும் நாலரை மணிக்குப் பள்ளி விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். கழற்றுகிற ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு எண் கொடுத்து, அது எங்கே இருந்தது, எத்தனை போல்ட், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ரஃப் நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதினேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் சித்தப்பா ஒரு ஸ்பிரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபோது, "முப்பத்தி நாலு. கார்பரேட்டருக்குக் கீழ, இடது பக்கம்" என்று படித்தேன். அதிலிருந்து அவரும் ஒன்றைக் கழற்றினால் என் பக்கம் தூக்கிக் காட்டி, எழுதி முடிக்கிறவரை காத்திருக்க ஆரம்பித்தார்.

பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தினம் மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டினார். ஒன்பதாம் நாள்தான் நகர்ந்தது. பெட்ரோல் டாங்கின் உள்ளே துரு. ஒரு கை சரளைக்கல்லும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போட்டு மூடி, நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து அதைப் புல்லில் உருட்டிக்கொண்டே இருந்தோம். முதலில் காபி நிறத்தில் வந்தது, பிறகு டீ நிறம், கடைசியில் தெளிந்தது. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவின் கம்பிச் சுருள் ஈரம் வாங்கியிருந்தது. அம்மா அதைத் துணியில் சுற்றி, சோறு வடித்த பிறகு அடுப்போரம் வைத்துக் காயவைத்தார்.

"மூணு நாளா எனக்கு அடுப்புல இடமில்ல தம்பி" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டார். "இது பொறக்கறதுக்குள்ள நான் ரெண்டு புள்ள பெத்துருவேன்."

"பெத்துக்கோங்க அண்ணி, டிராக்டர்லயே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்" என்றார் சித்தப்பா. ஏர் பிளாஸ்டுக்குப் பிறகு அவர் அப்படிப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

அப்பா பட்டறையில் வால்வைக் கடைந்து கொடுத்தார். சிலிண்டர் தலைக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டைச் செப்புத் தகட்டில் வெட்டினார். இருபதாம் நாள் மாலை கயிற்றைச் சுற்றி இழுத்தபோது, பதினோராவது இழுப்பில் ஒரு முறை இருமி, கருப்பாகப் புகை விட்டு, பிறகு ஓட ஆரம்பித்தது. மாலி ஆட்டைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போனார். மறுநாள் சில்லறை வேலைகள். அதற்கடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சோதனை என்று ஆபிசர் சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை வேலிக்கு வெளியே பாதி லைன் நின்றது. அப்பா அரை நாள் லீவு போட்டிருந்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்திருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோடு போட வேண்டியது என் வேலை. ஆபிசர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் கன்னடக்காரர். தமிழ் பேசுவார், வார்த்தைகளை எண்ணி எண்ணிப் பேசுவார். கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பத்து ஐந்துக்கு, மூன்றாவது இழுப்பில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. சித்தப்பா சீட்டில் ஏறி உட்கார்ந்து, புல்வெளியின் ஓரத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தார். ஒற்றை சிலிண்டர் என்பதால் ஆட்டம் அதிகம். கொட்டகைத் தகரம் கூடவே அதிர்ந்தது. வேலியோரத்துப் பையன்கள் சீட்டில் சித்தப்பா குலுங்குவதைப் போலவே குலுங்கிக் காட்டினார்கள். நான் ஏழு கோடு போட்டிருந்தேன்.

பத்து நாற்பத்து மூன்றுக்குத் தகரம் திடீரென்று பெரிதாக அதிர்ந்தது. ஆபிசரின் நாற்காலிகூட ஆடியது. எல்லோரும் சிரித்தார்கள். "இன்னா ஆட்டம்பா, வண்டி பறக்கப் போவுது!" என்று யாரோ கத்தினார். அப்பாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

சித்தப்பா இன்ஜினை நிறுத்திவிட்டார்.

ஸ்பார்க் பிளக்கின் மேல் ஒரு தகட்டுத் துண்டு உண்டு. அதை அழுத்தினால் இன்ஜின் நின்றுவிடும். அவர் குனிந்து அதை அழுத்தியதை நான் பார்த்தேன். இன்னும் இருபத்திரண்டு நிமிடம் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. சித்தப்பா இறங்கி, வெட்டிய புல்லின் மேல் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்தார்.

"யாக்கப்பா? ஏன் நிறுத்தினே?" என்று கேட்டார் ஆபிசர்.

"டிராக்டர் இல்ல சார்" என்றார் சித்தப்பா. "கீழருந்து வந்துது."

இன்ஜின் சத்தம் இல்லாததால் இரண்டாவது அதிர்வு எல்லோருக்கும் கேட்டது. முதலாவதைவிடச் சின்னதுதான். கொட்டகைத் தகரம் தானாகவே ஆடி நின்றது. வேலியோரத்துப் பெண்கள் சுரங்க வாயான ஷாஃப்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்கள். பிறகுதான் சங்கு ஊதியது.

சித்தப்பா ஓடவில்லை. கையிலிருந்த கிரீஸை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டே நடந்தார். அவருடைய பழைய கேங்குக்கு அன்று காலை முதல் ஷிஃப்ட், எல்லோரும் கீழே இருந்தார்கள்.

அன்று நடந்ததை நோட்டில் எழுதினேன். பாதியை நானே ஷாஃப்ட் வாசலில் நின்று பார்த்தேன். மீதியைப் பெரியவர்கள் பேசியதிலிருந்து எடுத்துக்கொண்டேன். ஐந்து பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தின் வளைவு நெளிவு தெரிந்தவர்கள் கூட வந்தால் கல் அகற்றச் சீக்கிரம் ஆகும் என்று போர்மேன் கேட்டார். பதினொன்று இருபதுக்கு சித்தப்பா கேஜில் கீழே போனார். மாலை ஆறுக்கு இரண்டு பேரோடு மேலே வந்தார். ஒரு டம்ளர் டீ குடித்தார். ஆறரைக்கு மறுபடி இறங்கினார். இந்த முறை அவரை யாரும் கேட்கவில்லை, அவராகவே போனார். மறுநாள் காலையில் இன்னும் இரண்டு பேர் உயிரோடு வந்தார்கள். ஐந்தாமவர் உயிரோடு வரவில்லை.

ஒரு விஷயத்தை நான் எழுதவில்லை. ஞாயிறு மத்தியானம் சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது அப்பா அம்மாவிடம் சமையலறையில் சொன்னது அது. முதல் தடவை கேஜ் கேட்டில் சித்தப்பாவின் கால் நகரவில்லை. இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே வைத்தார்கள். கீழே போய்ச் சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் கையைப் பிடித்த பிடியில் அவருக்கு நகம் பதிந்து ரத்தம் வந்துவிட்டது. இரண்டாம் தடவை வாந்தி எடுத்துவிட்டு ஏறினார். "இன்னொருக்கா போனா ஆளு தாங்க மாட்டான்" என்று அப்பா சொன்னார். அம்மா பருப்பைக் கடைந்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மாலை, புல்வெளியிலேயே விட்டுவந்த ஸ்பேனர்களை எடுக்கப் போனேன். டிராக்டர் நிறுத்திய இடத்திலேயே நின்றது. ஆபிசர் அதைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்ஜின் நல்லா இருக்கு" என்றார். "ஒரு மணி நேரம் ஆகலே. பரவால்லே. நான் அதை எண்ண மாட்டேன்." பிறகு, "உன் சித்தப்பா கீழே போனாராமே, நிஜமா?" என்று கேட்டார்.

நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். பதினொன்று இருபது, ஆறு, ஆறரை, மறுநாள் காலை என்று நேரங்களைப் படித்தேன். இரண்டாம் தடவை அவராகவே போனார் என்பதை இரண்டு தடவை படித்தேன். ஆபிசர் சட்டைப் பையிலிருந்த தன் சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

"பயம் இல்லையா அவருக்கு?"

"இல்ல சார்" என்றேன். "கொஞ்சம்கூட இல்ல. நடந்து போயி ஏறினாரு."

"சபாஷ்" என்றார்.

வியாழக்கிழமை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த கடிதம் வந்தது. அப்பா வாசலில் நின்று படித்தார். முதல் பத்தி முழுவதும் பாராட்டு. சித்தப்பாவின் துணிச்சலையும் கடமை உணர்வையும் சொல்லியிருந்தது. இரண்டாம் பத்தி இரண்டே வரி. மேல்தள வேலை சுரங்கத்தில் இறங்க இயலாதவர்களுக்கு மட்டுமே உரியது. இவர் பூரண தகுதியோடு இருப்பது தெரியவந்திருப்பதால், வரும் திங்கள் முதல் தன் கேங்கில் சேர்ந்துகொள்ள வேண்டும். அப்பா அதை எங்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டு, மடித்து, மறுபடி பிரித்துப் பார்த்தார். அன்று மாலையே ஆபிசரைப் பார்க்கப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து, "அந்தாளு சபாஷ்னு எனக்குக் கை குடுத்து அனுப்பறான்" என்று அம்மாவிடம் சொன்னார். டிராக்டரை மாலியிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

எனக்கு முதல் பத்தி போதுமானதாக இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண்ணிடம் நானே வலியப் பேசி, கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

திங்கள் காலை முதல் ஷிஃப்ட். சித்தப்பாவோடு நானும் ஷாஃப்ட் கேட் வரை போனேன். அவர் சாப்பாட்டுத் தூக்கை நான் எடுத்துக்கொண்டேன். வழியில் இரண்டு பேர் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்கள். அவரும் உயர்த்தினார். கேட்டுக்கு அருகே வந்ததும் நின்றார்.

"ஆபிசர் கையில நீதான் சொன்னியாமே, கண்ணு?"

"ஆமா சித்தப்பா. டைம் எல்லாம் ஒண்ணு விடாம சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

நான் சுற்றிலும் பார்த்துக்கொண்டு, அவர் பக்கம் எட்டி, குரலைத் தாழ்த்தினேன். "ஒண்ணு மட்டும் சொல்லல. நீங்க பயந்தது. அத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் என் கையிலிருந்து தூக்கை வாங்கிக்கொண்டார். "நல்ல புள்ள" என்று சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றார். அவர் முறை வரும்வரை நான் அங்கேயே நின்று பார்த்தேன். இந்த முறை அவர் கேட்டிலிருந்து திரும்பி நடக்கவில்லை. பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் நான் ஓட ஆரம்பித்தேன். வழியெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.